அலை இறங்கிய நாள்

"மகள், கடல் எப்பிடி?"

கட்டிலில் கிடந்தபடியே ஹெக்டர் கேட்டார். நாலு நாளாக விடிந்தால் இதே கேள்விதான். மருமகள் றஷ்மி கையிலிருந்த போனைப் பார்த்தாள்.

கடல் என்றால் கொழும்பில் அவர்கள் வீடு இருக்கும் கொட்டாஞ்சேனைக் கடல் இல்லை. அவளுடைய புருஷன் ஸ்ரான்லி வேலை செய்யும் மும்பைக் கடல். அங்கே எண்ணெய்க் கிணற்றுக்காக இரும்புக் கால்களை ஊன்றி முடித்தாயிற்று. மேலே வைக்கவேண்டிய மேடையைச் சுமந்துகொண்டு பார்ஜ் என்ற தட்டையான கப்பல் காத்து நின்றது. அலை ஒரு மீற்றருக்குக் கீழே இறங்கினால், கால்களுக்கு நடுவே புகுந்து, வயிற்றில் தண்ணீர் ஏற்றி, அங்குலம் அங்குலமாக அமிழ்ந்து, மேடையைக் கால்களில் இருத்திவிடும். தண்ணீர் திறந்துவிடுவது ஸ்ரான்லியின் வேலை. தொடங்கிவிட்டால் மூன்று நாளைக்கு ஒருவரும் இறங்க முடியாது. அலை இறங்காவிட்டால் பார்ஜ் துறைமுகத்துக்குத் திரும்பும். அவன் பிளேன் ஏறிவிடலாம்.

ஹெக்டருக்கு மூன்று நாள் இல்லை என்று டொக்டர் நேற்றே சொல்லிவிட்டார்.

போனில் ஸ்ரான்லி எழுதியிருந்தான்: 'அலை இறங்கிட்டுது. தொடங்குறம்.'

"பெரிய அலை, மாமா," என்றாள் றஷ்மி. "ரெண்டு மீற்றராம். பார்ஜ் திரும்புதாம். நாளைக்கு வந்திடுவார்."

ஹெக்டர் தாடையைத் தடவிப் பார்த்தார்.

"அப்ப ஷேவ் எடுத்துவிடு மகள். தாடியோட கண்டா அவன் பயந்திடுவான்."

"மாப்பிள்ளைக்கு இப்பதான் அழகு கேக்குது," என்று ஹெக்டரைக் கேலிசெய்தார் பக்கத்தில் இருந்த இராமர். ஹெக்டரோடு துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை செய்தவர். வலது கை முழங்கையோடு சரி. இடது கையால் சவர்க்காரத்தைக் குழைத்து நீட்டினார்.

றஷ்மி மாமாவின் கண்களைப் பார்க்காமல் வழித்துவிட்டாள்.

பின்னேரம் நாலு மணிக்கு ஹெக்டரின் மூச்சு நின்றது.

சொந்தக்காரருக்கு அறிவிக்க, தலையணைக்கு அடியிலிருந்த அவருடைய போனை எடுத்தாள். காலை ஐந்தரைக்கு ஸ்ரான்லிக்கு ஒரு குரல் பதிவு போயிருந்தது. அழுத்தினாள்.

"மகன், அலை இறங்கிட்டுதெண்டு எழுதியிருக்கிறாய். தொடங்க முதல் வேற ஆளை விட்டிட்டு வரட்டோ எண்டும் கேக்கிறாய். வராத. உன்ர அம்மா சாகக் கிடக்கேக்க நானும் அப்பிடித்தான், என்ர இடத்தில இராமரை விட்டிட்டு ஓடினனான். அவனுக்குப் பழக்கமில்லாத கயிறு. கையைக் கொண்டுபோட்டுது. நீ வேலையை முடி. றஷ்மிக்கு இதொண்டும் சொல்லாத. அவ வந்து அலை பெரிசெண்டு எனக்குச் சொல்லுவா, பாவம். நான் நம்பினமாதிரி இருந்திடுறன்."