நூற்று எழுபத்தாறு 'ஒண்ணுமில்லீங்க'

காப்பீட்டைப் புதுப்பிக்கும் நாளில் திருப்பூரில் இப்போது யாரும் படிவம் நிரப்புவதில்லை. வருடம் முழுக்க வீட்டுப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த சுவர்ப்பெட்டியே நிரப்பிவிடும். குடும்பத்தலைவர் தாமோதரன் 'சம்மதம்' என்றால் போதும்.

போன வருடம் எடுத்த சின்னத் திட்டமே போதுமென்று அவர் நினைத்திருந்தார். அவருக்குச் சர்க்கரை மட்டும்தான். மனைவி செண்பகவல்லிக்கு அதுவும் இல்லை.

"அம்மாவுக்கு அந்தத் திட்டம் பத்தாதுங்க," என்றது பெட்டி. "அவங்களுக்கு 'ஒண்ணுமில்லீங்க' இருக்குது."

"அதென்ன நோவு?"

"தெரியலீங்க. என்ன பண்ணுதுன்னு நீங்க கேட்டப்பெல்லாம் அதைத்தான் சொன்னாங்க. இந்த வருஷம் நூத்தியெழுபத்தாறு தடவை. பாதிக்கு மேல, மாடி ஏறி வந்த உடனே."

தாமோதரனுக்குச் சிரிப்பு வந்தது. பெட்டி விடவில்லை.

"ஒவ்வொரு தடவையும் நீங்க 'செரி'ன்னு சொல்லியிருக்கீங்க."

சிரிப்பு அப்படியே நின்றது. எந்தத் திட்டம் என்று பெட்டி கேட்டுக்கொண்டிருக்கும்போதே எழுந்து சமையலறைக்குப் போனார். செண்பகவல்லி ஒரு கையால் மேடையைப் பிடித்தபடி தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். அடுப்பை அணைத்து, அவளை நாற்காலியில் உட்காரவைத்து, தானும் எதிரே உட்கார்ந்தார்.

"வல்லி, உனக்கு என்ன பண்ணுது?"

"ஒண்ணுமில்லீங்க," என்றாள், வழக்கம்போல.

இந்தத் தடவை அவர் 'செரி' சொல்லவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

தோசைக்கல் ஆறிய பிறகுதான் அவள் வாய் திறந்தாள்.

"மூணாவது படியிலயே மூச்சு வாங்குதுங்க."