ஆறாவது ஆள்

"கொஞ்சம் கைதட்டுங்க. பக்கத்துல இருக்கறவங்க பாக்கறாங்க" என்று மனைவி கிசுகிசுத்தாள்.

"கை வலிக்குது" என்றேன்.

மேடையில் கேடயத்தோடு நின்றவன் ஒரு காலத்தில் எனக்கு அடுத்த மேஜையில் வேலை பார்த்தவன். தசைச் சோர்வு பற்றிய இருபது வருட ஆராய்ச்சிக்கு அவனுக்கு விருது. எனக்கு வயிறு எரிந்தது. அவனுடைய முதல் பரிசோதனையையே ரகசியமாகக் கெடுத்தவன் நான். அதற்குப் பிறகும் இவன் எப்படித் தலையெடுத்தான் என்பதுதான் இன்றுவரை புரியவில்லை.

"எல்லாம் எப்படி ஆரம்பிச்சுது?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

"என் முதல் பரிசோதனைக்கு வந்த ஆறாவது ஆளாலதான்" என்றான். "ஒரு கைப்பிடியை முழு பலத்தோட அழுத்தச் சொன்னேன். கொஞ்ச நேரத்துலயே இதுக்கு மேல முடியலன்னுட்டாரு. கை நரம்புல லேசா கரண்ட் குடுத்தேன். அதே கை ரெண்டு மடங்கு பலத்தோட அழுத்துச்சு. அப்ப சோர்வு தசையில மட்டும் இல்ல, மூளையிலயும் இருக்குன்னு எனக்குப் பொறி தட்டுச்சு. அவர் பேரை வெளியில சொல்லக் கூடாது. ஆனா இந்த விருது அவருக்குத்தான் சேரணும்."

அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது.

அன்று இவன் கணக்கு தப்பட்டும் என்று பாதி பலத்தில் அழுத்திவிட்டு, சோர்ந்துபோனதாக நடித்த அந்த ஆறாவது ஆள் நான்தான்.

மனைவி என் பக்கம் சாய்ந்தாள்.

"யாரோ ஒரு புண்ணியவான். நீங்களும் மேடையில நிக்கறவர் கூடவேதானே இருந்தீங்க, உங்க கையால இவருக்கு ஒரு உதவி உண்டா?"