பேச்சியம்மாளின் ஏச்சு

கேபிள் பள்ளம் வெட்டும் இசக்கிமுத்துவின் ஓய்வை கம்பெனி எல்லோர் கையிலும் கட்டிவிட்ட, நாடி பார்க்கும் பட்டைதான் தீர்மானித்தது. நாடித்துடிப்பு சீரானதும், "ஓய்வு முடிந்தது, எழுந்திருங்கள்" என்று சொல்லிவிடும். அவனுக்கோ உட்கார்ந்ததுமே துடிப்பு சீராகிவிடும். கயத்தாறு வெயிலில் ஒரு டீயை முழுதாகக் குடிக்க முடிந்ததில்லை.

ஒருநாள் ஓய்வு நேரத்தில் மனைவி பேச்சியம்மாள் போன் செய்தாள்.

"மோட்டாரப் போட்டுட்டு அப்படியே போயிட்டீங்களே, தெருவெல்லாம் தண்ணி! மூளை இருக்கா உங்களுக்கு?"

நாடி எகிறியது. பட்டை ஓய்வை நீட்டித்தது. அவன் நிதானமாக டீ குடித்தான்.

மறுநாள், உடன் வேலை செய்யும் சுடலைமணி போனை வாங்கிக் கெஞ்சினான். "மதினி, என்னையும் நாலு வார்த்தை ஏசுங்க."

அவள் சளைக்காமல் ஏசினாள். போன் கைமாறிக்கொண்டே போனது. எல்லோரும் மரத்தடியில் காலை நீட்டினார்கள்.

வாரக் கடைசியில் அவளுக்குத் தொண்டை கட்டிவிட்டது. "பாவம், வெயில்ல கிடக்கீங்க. மீன் கொழம்பு வச்சிருக்கேன், வெரசா வாங்க" என்றாள் இசக்கிமுத்துவிடம் போனில், மெதுவாக. கல்யாணமான நாளிலிருந்து அவள் இப்படிப் பேசியதேயில்லை.

பட்டை அலறியது. "நாடி அபாயம். இன்று முழுவதும் ஓய்வு. வீட்டுக்குச் செல்லவும்."

"ஏல, ஒடம்புக்கு என்னல?" என்று பதறினான் சுடலைமணி.

"ஒண்ணுமில்லல, மீன் கொழம்பு" என்று வெட்கத்தோடு சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினான் இசக்கிமுத்து.