மங்காத மங்கு

முகத்தில் படரும் மங்குக்கு இலைச்சாற்றில் செய்த கிரீம் அது. பத்து வாரமாக அதைச் சோதித்துவந்த ஆய்வாளர் பெண்மணிக்கு அலுத்துப்போயிருந்தது. தடவிப் பார்க்க வந்தவர்களில் பத்தொன்பது பேருக்குக் கன்னம் தெளிந்து, இனி வரவேண்டாம் என்று அனுப்பியாயிற்று. துணிக்கடையில் வேலை பார்க்கும் ஓர் அம்மாளுக்கு மட்டும் இம்மியும் குறையவில்லை.

நாற்காலியில் சாய்ந்திருந்த அந்தம்மாளின் கன்னத்தை ஆய்வாளர் தொட்டுப் பார்த்தார்.

"தினமும் ரெண்டு வேளை தடவுறீங்களா?"

"தடவுறேம்மா."

"வெயில்ல அலையுறீங்களா?"

"கடைக்குள்ளதாம்மா நிக்கிறேன்."

"அப்ப எங்க கிரீம்லதான் கோளாறு. டியூபையெல்லாம் குடுங்க, எவ்வளவு தீர்ந்திருக்குன்னு பாக்கணும்."

அந்தம்மாள் தயங்கித் தயங்கிப் பையைத் திறந்தார். வாரம் ஒன்றாகக் கொடுத்த பத்து டியூபும் மூடிகூடத் திருகாமல் கிடந்தன.

"கிரீம் மேல குத்தமில்லம்மா. மங்கு போயிட்டா வரவேண்டாம்னு சொல்லிடுவீங்களே. நாள் பூரா கடையில நின்னுட்டு, வீட்டுக்குப் போனா அடுப்படியில நிக்கிறேன். இங்கதான் உக்கார வச்சு, எப்படி இருக்கீங்கன்னு கேக்குறீங்க."

ஆய்வாளர் அந்தம்மாளின் பெயரைச் சோதனைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார். பிறகு பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, தானும் உட்கார்ந்தார்.

"அடுத்த வாரமும் வாங்க. டியூப் மட்டும் தர மாட்டேன்" என்றார்.