கட்டம் போட்ட கார்டு

தபால் கார்டின் தலையில் கட்டம் போட்டு, அதற்குள் சங்கத்தின் பெயரை எழுதுவது மனித அறிவுக்கே இழுக்கு என்பதை, 1984-இல் தர்மபுரி மாவட்டத்தில் முதன்முதலாகக் கண்டுபிடித்தவன் நான்.

எங்கள் வாசகர் வட்டத்தில் உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் எழுதும் கார்டுகளில், மேலே கட்டங்கட்டி 'தேன்கூடு' என்று போட வேண்டும். செயலாளர் ஸ்தனிஸ்லாஸ் கொண்டுவந்த விதி. கடத்தூர் கூட்டத்தில் நான் எழுந்தேன்.

"மாட்டுக்குச் சூடு போடற மாதிரி கார்டுக்கும் போடணுமாங்க? நான் போட மாட்டேன்."

எல்லாரும் சிரித்தார்கள். காரிமங்கலம் ராஜமேரி மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்குப் போன வாரம்தான் கட்டமில்லாமல் ஒரு காதல் கவிதை அனுப்பியிருந்தேன். பஸ் ஸ்டாண்டில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க கார்டை எங்கப்பா வூடே கேக்கற மாதிரி படிச்சாருங்க."

"கவிதை எப்படின்னாரு?"

"ஞாயித்துக்கெழமை பாலக்கோட்டு மாப்பிள்ளையை வரச் சொல்லிட்டாரு."

"மத்தவங்க கார்டையும் இப்படித்தான் படிப்பாரா?"

"கட்டத்தைப் பாத்தாலே, வெட்டிப் பசங்க சமாச்சாரம்னு படிக்காம எங்கிட்ட வீசிடுவாரு. ஸ்தனிஸ்லாஸ் மாமா கல்யாணத்துக்கு முன்னாடி எங்கக்காவுக்கு ரெண்டு வருசம் எப்படி எழுதினாருன்னு நெனச்சீங்க?"

பஸ் வந்தது. படியில் ஏறி நின்று திரும்பினாள். "எனக்கு அந்த மாப்பிள்ளை வேணாங்க. என்ன பண்றதுன்னு சீக்கிரம் எழுதுங்க. ஒழுங்கா எழுதுங்க."

வீட்டுக்கு வந்ததும் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டேன். கொஞ்சம் கோணலாக வந்தது. அந்தக் கார்டைக் கிழித்துவிட்டு இன்னொன்றை எடுத்தேன். ராஜமேரியின் அப்பாவுக்குக் கட்டம் பளிச்சென்று தெரிய வேண்டும்.