தம்தாவின் கல்

"முதல்ல கிளாஸைப் பிடிங்க தம்பி. கையெழுத்து எங்கயும் ஓடிப்போயிடாது" என்றார் ஜும்பேர். விருந்துக்குத் தலைவர் அவர். அவர் வாய் திறக்காமல் அந்த மேசையில் யாரும் கிளாஸைத் தொடுவதில்லை.

"நான் ஆபீஸ் வேலையா வந்திருக்கேன் பெரியவரே."

"நாங்க மட்டும் சும்மாவா உக்காந்திருக்கோம்? உங்களுக்குப் பேனா, எங்களுக்குக் கூஜா."

மேசை முழுக்கச் சிரித்தது. மெராப் ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளாஸை வாங்கினான்.

பழைய ராணுவச் சாலையில், கணவாய்க்குக் கீழே உள்ள கொண்டை ஊசி வளைவு அது. இந்தக் கோடைக்குள் அதை அகலப்படுத்தியாக வேண்டும். ஆனால் வளைவின் நடுமூக்கில் இடுப்பளவு உயரத்துக்கு ஒரு கல் நின்றிருந்தது. 'தம்தா. 2003 ஏப்ரல் 17. வழிப்போக்கரே, ஒரு வாய் குடித்துவிட்டுப் போங்கள்' என்று அதில் செதுக்கியிருந்தது. சாலையோர நினைவுக் கல்லை நகர்த்தக் குடும்பத்தாரின் கையெழுத்து வேண்டும் என்பது விதி. மெராப்புக்கு முன் நான்கு பேர் வந்து வெறுங்கையோடு திரும்பியிருந்தார்கள்.

"கையெழுத்தோட வா. இல்லைன்னா அங்கயே ஆடு மேய்ச்சுக்கோ" என்று மேலதிகாரி சொல்லி அனுப்பியிருந்தார். வேலை நிரந்தரமாகி இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

"ஏப்ரல் பதினேழுல போங்க சார். வருஷா வருஷம் அன்னிக்குக் கல்லடியில மேசை போடுவாங்க. அம்மாக்காரியைக் கையோட பிடிச்சுடலாம்" என்று யோசனை சொன்னவன் ஜீப் டிரைவர். அவன் இப்போது மேசையின் கோடியில் உட்கார்ந்து நாலாவது கிங்காலிக் கொழுக்கட்டையைக் கடித்து, உள்ளிருந்த கறிச்சாற்றை ஊதி ஊதி உறிஞ்சிக்கொண்டிருந்தான்.

சாலையோரத்தில் பனி இன்னும் கரையாமல் அழுக்காகக் குவிந்து கிடந்தது. வெயில் மட்டும் சுள்ளென்று அடித்தது. யாரோ அக்கார்டியன் வாசித்தார்கள். திதி நாளில் இவ்வளவு கும்மாளமா என்று மெராப்புக்கு இருந்தது. மலைக்காரர்கள் துக்கத்தைக்கூடப் பாடித்தான் கரைப்பார்கள் போலிருக்கிறது.

அந்தச் சாலையில் வளைவுக்கு ஒரு கல் உண்டு. பிரேக் பிடிக்காத லாரிக்கு ஒன்று, பனிச்சரிவில் புதைந்தவனுக்கு ஒன்று. இந்த மாதிரி இடத்தில் எப்படி நடந்துகொள்வது என்று அவனுக்குத் தெரியும். எழுந்து நின்றான். இறந்தவர்களுக்குச் செய்வதுபோல் ரொட்டித் துண்டின் மேல் நாலு சொட்டு ஒயினை விட்டான். யாருடைய கிளாஸோடும் மோதாமல் குடித்தான்.

அக்கார்டியன் நின்றது. மேசையின் தலைப்பக்கம் உட்கார்ந்திருந்த தம்தாவின் அம்மா லமாரா சிலுவை போட்டுக்கொண்டாள்.

"அந்த ரொட்டியைத் தூக்கிப் போட்டுட்டுத் தம்பிக்கு வேற கொடுங்கப்பா" என்று ஜும்பேர் அவசரமாகச் சொன்னார். எவ்வளவு மரியாதையான மனிதர்கள் என்று மெராப் நினைத்துக்கொண்டான்.

சிவப்பு ஸ்வெட்டர் போட்ட ஒரு பெண் கூஜாவோடு வந்து அவன் கிளாஸை எட்டிப் பார்த்தாள்.

"இன்னும் பாதி அப்படியே இருக்கு. கல்லைத் தூக்க வந்தவரால கிளாஸைத் தூக்க முடியலையா?"

"விடுடி, இப்பத்தான் கத்துக்கறார்" என்றார் ஜும்பேர். அக்கார்டியன் மறுபடி கிளம்பியது.

மூன்று கிளாஸ் உள்ளே போனதும் மெராப்புக்குத் துணிச்சல் வந்தது. லமாராவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து ஃபைலைத் திறந்தான்.

"அம்மா, உங்க மனசு எனக்குப் புரியுது. கல்லை ஒண்ணும் உடைக்கப் போறதில்லை. பத்து மீட்டர் தள்ளி, இதைவிட நல்ல மேடையா கட்டி நானே நின்னு வைக்கிறேன்."

"கல்லை எங்க வேணும்னாலும் வை. இந்தத் தாள்ல மட்டும் நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"ஏம்மா?"

"முன்னாடி வந்த நாலு பேர்கிட்டயும் இதையேதான் சொன்னேன். என் பொண்ணு பேரை இதுல எழுத விட மாட்டேன்."

"காலம் எல்லாத்தையும் ஆத்தும்மா."

"எதை ஆத்தணும்?" லமாரா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். எதிரே ஜும்பேருக்குத் திடீரென்று இருமல் வந்துவிட்டது.

மெராப் மனம் தளரவில்லை. பேனாவை நீட்டினான். "எனக்கு இது வேலைப் பிரச்சினைம்மா. கையெழுத்து இல்லாம நான் திரும்பிப் போக முடியாது. இந்தக் கட்டத்துல பேர், கீழே கையெழுத்து. அவ்வளவுதான்."

"அந்தக் கட்டத்துக்கு மேல என்ன அச்சடிச்சிருக்கு? வாய் விட்டுப் படி."

"இறந்தவர் பெயர்."

"அங்க யார் பேரை எழுதச் சொல்ற?"

"கல்லுல இருக்கிற பேர்தான். வேற யார் பேரைம்மா எழுத முடியும்?"

லமாரா பெருமூச்சு விட்டாள். சிவப்பு ஸ்வெட்டர்காரி பக்கம் திரும்பி, "இந்தாடி, நீயே இவருக்கு ஒரு பதில் சொல்லு. எனக்கு வாய் வலிக்குது" என்றாள்.

அந்தப் பெண் கூஜாவைக் கீழே வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு மெராப்பின் விரல்களிலிருந்து பேனாவை உருவினாள்.

"பஸ் பனியில சிக்கினது இந்த வளைவுல. அம்மாவுக்கு வலி எடுத்ததும் இங்கதான். பத்து மீட்டர் தள்ளிச் சிக்கியிருந்தா கல்லும் அங்கதானே நின்னிருக்கும்? எனக்கு ஆட்சேபணை இல்லை" என்று சொல்லிக்கொண்டே, அச்சடித்திருந்த 'இறந்தவர்' என்பதைக் குறுக்கே அடித்து, மேலே 'பிறந்தவர்' என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டாள்: தம்தா.