உள்பை

நிஸ்தாருக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது.

விடியற்காலையிலிருந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வெள்ளைக் காற்சட்டை பதினேழு தைத்துவிட்டார். எழும்பினால் நிமிர முடியாது. நிமிர்ந்தால் திரும்பக் குந்த முடியாது. அதனால் றமீஸ் கடைக்குள் வந்தபோது அவர் மெஷினை விட்டு எழும்பவில்லை.

றமீஸ் ஏறாவூரில் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவன். போன வருடம் யாரோ காசு கேட்டு மிரட்டி, கடைக் கண்ணாடியையும் உடைத்துவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து அவன் ரோட்டைப் பார்த்தபடியே பேசுவான். இன்றைக்குக் கையில் ஒரு காற்சட்டையும் ஒரு துவாய்ப் பொட்டலமும்.

“முதல்லயே சொல்லிப்போட்டன் காக்கா, பேர எழுதிக் குத்துங்க. போன பெருநாளைக்கு என்ட காற்சட்டைய மோதினாருக்குக் குடுத்திட்டீங்க. மனிசன் அதப் போட்டுக்கொண்டுதான் பாங்கு சொன்னவர்.”

நிஸ்தார் சிரித்தார். உடுப்பில் பெயர் எழுதிக் குத்தாத தையற்காரர் அந்தத் தெருவிலேயே அவர் ஒருவர்தான். எல்லாம் தலைக்குள். தலை பிழைத்தால் காற்சட்டை ஆள் மாறிப்போகும்.

றமீஸ் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டுத் துவாயை விரித்தான்.

மேசையில், சோக்குக் கட்டிக்குப் பக்கத்தில், ஒரு கைத்துப்பாக்கி. நிஸ்தாரின் கத்தரிக்கோலைவிடச் சிறியது.

“லைசன் இரிக்கி, பயப்பட வேணாம். குண்டெல்லாம் கழட்டித்தான் கொண்டுவந்த. காற்சட்டைப் பட்டிக்குள்ள ஒரு உள் பொக்கட் வேணும். பாக்கிற ஆளுக்குத் தெரியக்கூடா. இழுத்தா வரோணும்.”

நிஸ்தார் தொடாமல் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அளவு நாடாவை வைத்தார். நீளம் ஆறு அங்குலம்கூட இல்லை. தடிப்பு ஒரே அங்குலம்.

இந்தத் தடிப்புக்குள் பத்துக் குண்டு போகும் என்று றமீஸ் வெறும் குண்டுக்கூட்டைக் காட்டினான். நேராக அடுக்காமல் ஒன்றை ஒன்று விலத்தி அடுக்கி, மேலே போகப் போகக் கூட்டை ஒடுக்கியிருந்தார்கள்.

நிஸ்தார் விரலால் தடவினார். பின்மூலை உருட்டி விடப்பட்டிருந்தது. குறி பார்க்கும் மேடுகூடச் சரிவாகவே ஏறியது. நீட்டிக்கொண்டு எதுவும் இல்லை. ஒரு நூல்கூட மாட்டாது.

இதைச் செய்தவன் எந்த நாட்டுக்காரனோ. துப்பாக்கியை மட்டும் யோசித்தவன் இல்லை. துணியை யோசித்திருக்கிறான். வயிற்றையும் வியர்வையையும், குனிந்தால் சட்டை எந்த இடத்தில் தூக்கும் என்பதையும் யோசித்திருக்கிறான். ஒரு தையற்காரன் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுத்த மாதிரி இருந்தது.

அது நிஸ்தாருக்குப் பிடிக்கவில்லை.

ஆனால் கை பழக்கத்தில் பழுப்புக் காகிதத்தை இழுத்துவிட்டது. சுற்றிக் கோடு போட்டு, பையின் வாயைச் சரித்து வெட்டினார்.

“என்னத்துக்குச் சரிக்கிறீங்க?”

“நேரா வெட்டினா இழுக்கக்குள்ள பிடி கொளுவும்.”

“முந்தியும் தெச்ச ஆள் போல கதைக்கிறீங்க.”

நிஸ்தார் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். இடுப்பு மறுபடி இழுத்தது.

றமீஸ் காத்திருக்கவில்லை. மேசையில் கிடந்த காகிதத் துண்டில் தானே எழுதி, குண்டூசியால் காற்சட்டையில் குத்திவிட்டான். ‘றமீஸ், வியாழன் பின்னேரம்.’

நிஸ்தார் அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குண்டூசியை உருவினார். துண்டைக் கிழித்தார். காற்சட்டையை மடித்து அவனிடம் நீட்டினார்.

“ஏலா தம்பி. முந்தி வந்த உடுப்பு ஒன்டு முடியாமக் கிடக்கு. அதக் குடுக்காம இத எடுக்க ஏலா.”

“யார்ர?”

“தன்னாமுனையில ஒரு ஆள்ர.”

“தையக்காரன்ட வாய். நாளைக்கு நாளைக்கு என்டு எத்தன பேர அலைய வெச்ச வாய்.” காத்தான்குடியில் தைக்க ஆளா இல்லை என்று சொல்லிக்கொண்டே துவாயைச் சுருட்டினான். படியில் நின்று ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தான். பிறகுதான் இறங்கினான்.

மோட்டார் சைக்கிள் சத்தம் அடங்கியதும் நிஸ்தார் மேசையைப் பிடித்து எழும்பினார். அலுமாரியின் அடித்தட்டில், பொலித்தீன் உறைக்குள், ஒரு வெள்ளைச் சட்டை. நெஞ்சில் துருப்பிடித்த குண்டூசி. துண்டில் அவருடைய கையெழுத்து. ‘கனகசிங்கம், வியாழன், ஐந்து மணி.’

பத்தொன்பது வருடத்துக்கு முன்னால், கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜர் கனகசிங்கம் மகளின் கலியாணத்துக்கென்று தைக்கக் கொடுத்தது. பொத்தான் மட்டும் வைக்க இருந்தது.

அந்த வியாழனுக்கு முதல் நாள், முன்பின் தெரியாத ஒரு பொடியன் தன்னுடைய சட்டையை எடுக்க வந்தான். உள்ளே பை வைத்துத் தைத்த சட்டை. ரேடியோ வைக்க என்று சொல்லியிருந்தான். அளவு சொன்ன விதத்திலேயே அது ரேடியோ இல்லை என்று நிஸ்தாருக்குத் தெரியும். தெரியாத மாதிரித் தைத்தார். மிச்சக் காசுக்காக அவர் மேசை லாச்சிக்குள் கையை விட்டபோது, பொடியன் கொடியில் தொங்கிய உடுப்புகளின் துண்டுகளை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு நின்றான்.

வியாழக்கிழமை ஐந்து மணிக்குக் கனகசிங்கம் கடைப்படியில் கால் வைத்தார். பின்னால் பொடியன் வந்தான்.

அவன் இழுத்தபோது பை எங்கேயும் கொளுவவில்லை.

தன்னாமுனை சைக்கிளில் அரை மணி நேரம். கனகசிங்கத்தின் வீட்டு வாசல்வரை நிஸ்தாரால் இன்றுவரை போக முடியவில்லை.

அவர் சட்டையைத் திரும்ப உறைக்குள் வைத்தார். மெஷினில் குந்தி, பதினெட்டாவது காற்சட்டையை எடுத்தார்.

கனகசிங்கத்துக்கு ஒரு வெள்ளைச் சட்டை கொடுக்க வேண்டும்.